மார்பின் பாரமும் ஆறு வாரமும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றொரு திருநாமம் உண்டு. அமாவாசைக்கு முந்தின இரவே வந்து படுத்திருந்து, விடியற்காலையில் ஹிருத்தாபநாசினி என்னும் திருக்குளத்தில் வெல்லக் கட்டியைக் கரைத்து, அது கரைவதுபோல் தம் நோவும் கரையவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஜனங்களை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். வயிற்றுவலிக்காரரும், தீராத காய்ச்சற்காரரும், முகத்து மருவை எண்ணி மனம் நொந்த கன்னியரும் அந்தப் படித்துறையில் தத்தம் குறையை வாய்விட்டே சொல்லுவர். தன் மார்பின் பாரத்தினாலேயே கழுத்தும் தோளும் இற்று விழுகின்றன என்று ஒரு ஸ்திரீ அங்கே முறையிட்டு மட்டும் நான் கேட்டதில்லை. கேட்டால் முதுகுவலி என்பாள். இன்னும் நெருங்கிக் கேட்டால் தோள்பட்டை கடுக்கிறது என்பாள். அதற்கு மேல் பேச்சு நகராது. வைத்தியர் முன்னிலையிலும் இதே கதைதான். சொல்லக் கூசுகின்ற இந்த உபாதைக்கு இன்றைய அறுவைச் சிகிச்சை எதைச் செய்யவல்லது, எதைச் செய்ய மாட்டாதது, அதை நாடுகிறவள் எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இதைக் கும்மிடிப்பூண்டியை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் ஆடவர் உலகம் என்றாலும், அவற்றை அடுத்துத் தோன்றிய உதிரிப்பாகச் சாலைகளிலும், பொருள்களைக் கோத்துச் சரிபார்த்துப் பெட்டியில் அடைக்கும் கூடங்களிலும், காக்களூர், திருமழிசை, தேர்வாய்கண்டிகை என்று ஜில்லாவில் பரவிய மற்றப் பேட்டைகளிலும், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்களைக் காலையிலும் மாலையிலும் யாரும் காணலாம். அவர்கள் வேலை பெரும்பாலும் நின்றபடி செய்வது. கழுத்தைச் சற்றே கவிழ்த்து, இரு கைகளையும் முன்னே நீட்டி, ஒரு ஷிப்ட் முழுவதும் அதே தோரணையில் நிற்பது. சரீரத்தின் முன்புறத்தில் தொங்கும் பாரம் எதுவாயினும், அதை ஈடுகட்டப் பின்புறத்துத் தசைகள் இடைவிடாது இழுத்துப் பிடித்தாக வேண்டும். குனிந்து நிற்கையில் அந்த இழுப்பு இன்னும் மிகுகிறது. உட்கார்ந்து, வேண்டும்போது சாய்ந்து கொள்ளக்கூடிய ஒருத்திக்கு அசௌகரியமாக மட்டும் இருப்பது, இவளுக்கு நோயாகவே ஆகிவிடுவது அதனால்தான்.

என் சின்னம்மாள் மகள் ஒருத்தி அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் ஒன்பது ஆண்டு நின்றவள். ஒருநாள் அவள் தன் தோளைத் திறந்து காட்டியபோது, உள்ளாடையின் வார் அழுந்தி அழுந்தி விழுந்திருந்த பள்ளத்தில் என் சுண்டுவிரலைக் கிடத்தினேன். விரல் முழுவதும் அதற்குள் அடங்கிற்று. "வீட்டுக்கு வந்து பாடியைக் கழட்டினாத்தான் அக்கா மூச்சே வருது" என்றாள். வாருக்கு அடியில் பழைய துணியை நாலாக மடித்து வைத்துத் தைத்திருந்தாள். மார்பின் அடிமடிப்பில் வேர்வை தேங்கி, தோல் வெந்து, சிவந்து, அரித்து, கோடை நெடுகிலும் புண்ணாகவே இருந்தது. பவுடரும் களிம்பும் நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் பழையபடி. இரவில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன என்றும் சொன்னாள். தோளை வார் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால் கைக்குச் செல்லும் நரம்பு நெருக்குண்டு அவ்விதம் நேருவதுண்டு. அவளுடைய மேற்பார்வையாளருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கூன் போட்டு நிற்கிறாள் என்பதுதான். "நிமிர்ந்து நில்லும்மா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வாராம். நிமிர்ந்தால் பிறர் பார்வை, குனிந்தால் முதுகுவலி. வெயிற்காலத்திலும் அவள் மேல்கோட்டை இரண்டு அளவு பெரிதாக வாங்கி அணிந்ததன் இரகசியம் அதுவே.

இவ்விடத்தில் நம் புலவர்மீது எனக்குள்ள ஒரு சிறு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் ஸ்தனத்தைக் குடத்துக்கும் குன்றுக்கும் ஒப்பிட்டு வர்ணித்துத் தீராத காப்பியப் பரம்பரை நம்முடையது. இடை ஒடிந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியதும் உண்டு. ஆயினும் அந்த அச்சம் அலங்காரத்தோடு நின்றது. குடத்தைச் சுமந்தவளை ஒருவரும் விசாரிக்கவில்லை.

மார்பு அளவுகடந்து பெருப்பதற்கு ஒரே காரணம் இல்லை. பருவம் எய்தும்போதே சில பெண்களுக்குச் சில மாதங்களுக்குள் மிகையாக வளர்ந்துவிடும். சிலருக்குக் கர்ப்பகாலத்திலும், சிலருக்கு மாதவிடாய் நிற்கும் பிராயத்திலும் அவ்வாறு நேரும். சில வீடுகளில் தாய், மகள், பேத்தி என்று வம்சத்தில் வருவதுமுண்டு. உடற்பருமன் பலருக்கு உடன்நிற்கும் காரணம். ஸ்தனத்தில் கொழுப்பும் சுரப்பித் திசுவும் கலந்திருப்பதால், எடை குறைந்தால் கொழுப்புப் பங்கு மிகுந்தவளுக்கு ஓரளவு குறையும், சுரப்பிப் பங்கு மிகுந்தவளுக்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும். "முதலில் உடம்பைக் குறை" என்ற அறிவுரை ஆகையால் பாதி நியாயமானது. எடை மிகுந்தவளுக்கு அறுவையின் ஆபத்துகளும் மிகுதி என்பதால் குறைப்பது நல்லதுதான். ஆனால் ஓடவும் குதிக்கவும் விடாத பாரத்தைச் சுமப்பவளிடம் ஓடிக் குறைத்துவிட்டு வா என்பது கால் கட்டியவனைப் பந்தயத்துக்கு அழைப்பது போன்றது. எடைக்குறைப்பு, தசைப்பயிற்சி, விசேஷ உள்ளாடை ஆகிய மூன்றையும் அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அறுவையைத் தவிர மற்றவை இவ்வலிக்கு நிலைத்த நிவாரணம் அளிக்கவில்லை என்றே கண்டது. முன்னரே அனுபவித்தவர்கள் இதற்கு ஆய்வு எதற்கு என்று கேட்கக்கூடும். காப்பீட்டுக்காரர்களுக்கு ஆய்வு வேண்டியிருக்கிறது.

மூக்கை ஒட்டும் வித்தையை மேனாட்டார் இந்தியாவிடம் கற்றனர் என்று பெருமை பேசுவோம். மார்பைக் குறைக்கும் வித்தையில் அப்பெருமைக்கு இடமில்லை. ஏழாம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியரான ஈஜினாவின் பவுல், ஆடவர் மார்பு பெருத்தால் அறுத்துக் குறைக்கும் முறையை எழுதிவைத்தார்; பெண்ணைப் பற்றிய சிந்தை வர இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று. ஜெர்மனியில் டீஃபன்பாக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியதை, 1922இல் சிகாகோவின் மாக்ஸ் தோரெக், காம்பைத் தனியே எடுத்து, மார்பைக் குறைத்த பின் மீண்டும் ஒட்டுப்போடும் முறையாக்கினார். அதில் காம்பு உயிர்வாழும், உணர்ச்சி மாளும், பால் வராது. 1930இல் ஷ்வார்ட்ஸ்மன், காம்பை உடலிலிருந்து பிரிக்காமல், அதற்கு ரத்தம் கொண்டுவரும் தோலடிப் பாலம் ஒன்றை விட்டுவைத்தே நகர்த்தலாம் என்று காட்டியதுதான் திருப்பம். பின்வந்தவர் அனைவரும் அந்தப் பாலம் மேலிருந்து வரவேண்டுமா, கீழிருந்தா, பக்கத்திலிருந்தா என்றே வாதித்தார்கள் எனலாம்.

அவ்வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ராபர்ட் வைஸ். எந்த இடத்தில், எவ்வளவு தோலை வெட்டினால் இரு பக்கமும் ஒத்து வரும் என்பது அந்நாள்வரை வைத்தியரின் கண்ணளவையே நம்பிய காரியம். வைஸ் செய்தது யாதெனில், மார்க்கச்சைகளைத் தையல் பிரித்து, அவற்றின் துண்டுகளை மாதிரியாகக் கொண்டு, சாவித்துவாரம் போன்ற வடிவமுள்ள ஓர் அச்சை உண்டாக்கி, 1956இல் பிரசுரித்தார். பொன்னேரிக் கடைத்தெருவில் ரவிக்கைத் துணியின்மேல் சாக்கட்டியால் கோடிழுக்கிற தையற்காரருக்கு இதைச் சொன்னேன். "டார்ட் பிடிக்கிற கணக்குத்தானே" என்றார். அக்கணக்கேதான். உருண்ட வடிவத்தில் மிகுந்ததைக் குறைத்துத் தட்டையான துணியைக் கூம்பாக்கும் சூத்திரம் இருவருக்கும் பொது. வைஸின் அச்சு இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதனால் காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு நேர்க்கோடு, அடிமடிப்பில் ஒரு வளைகோடு என்று கப்பல் நங்கூரம் போன்ற தழும்பு விழும். பெல்ஜியத்தின் லெஜூரும், பிறகு கனடாவின் ஹால்-ஃபிண்ட்லேயும் பரப்பிய செங்குத்து முறையில் அடிவளைவு பெரும்பாலும் இல்லை. மிதமான அளவுக்கு அது சிறந்தது. மிகப் பெரிய மார்புக்கும், தோல் மிகவும் தொய்ந்ததற்கும் நங்கூரமே நம்பகம் என்பது பலர் அபிப்பிராயம். எந்த முறை என்பதை விளம்பரத்தைப் பார்த்து நோயாளி தீர்மானிக்கலாகாது. எந்த முறை என்று கேட்கவும், தழும்பை வரைந்து காட்டச் சொல்லவும் அவளுக்குப் பூரண உரிமை உண்டு.

சிகிச்சைக்கு முன் எதிர்பார்க்க வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். மார்பின் வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். பாலூட்டியவள் நிறுத்தி ஆறு மாதமாவது கழிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். நம் பெண்களிடத்து விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைவாயிருந்தால், அறுவையை ஒத்திவைத்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள், அதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. புகையிலையின் நிகோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காம்பையே கருக்கிவிடக்கூடும் என்பதால், அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது அதைத் தொடக்கூடாது. பீடி சிகரெட் பழக்கம் இல்லை என்று தலையாட்டிவிட்டு வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிற நடுவயதுப் பெண்கள், அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாற்பது கடந்தவர்களுக்கு மாமோகிராம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். வெட்டியெடுத்த திசுவையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அபூர்வமாக, எவரும் எதிர்பாராத புற்று அதில் தென்பட்டதுண்டு. மார்பைக் குறைத்துக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்று சற்றுக் குறைவாகவே வருவதாக ஸ்வீடன், டென்மார்க் முதலிய தேசங்களின் நீண்டகால ஆய்வுகள் கூறுகின்றன. அதை ஓர் உபரி லாபமாகக் கொள்ளலாமே தவிர, அதற்காகக் கத்தியை நாட வேண்டியதில்லை, பிற்காலப் பரிசோதனைகளை விட்டுவிடவும் கூடாது.

வெட்ட வேண்டிய இடத்துக்குக் கோடு போடுவது நோயாளி நிற்கும்போதுதான். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து கணக்குத் தவறும். சின்னம்மாள் மகளான என் தங்கை, அவளுக்கு அறுவை நடந்த அன்று காலை, காறையெலும்பின் நடுவிலிருந்து காம்புவரை நாடாவால் அளக்கப்பட்டு, மார்க்கர் பேனாவால் பச்சைக் கோடுகள் வரையப்பட்டு நின்றபோது, வெட்கத்தினால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வரைந்த டாக்டரம்மாள், காம்பு புதிதாக எங்கே அமையும் என்பதற்குப் பின்புறமிருந்து அடிமடிப்பில் விரலை வைத்து, அதன் நேர் முன்புறத்தில் ஒரு புள்ளி இட்டார். அந்தப் புள்ளிக்குப் பிரேசில் நாட்டு இவோ பிட்டாங்கியின் பெயரை வைத்திருக்கிறார்கள்; அவரைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். ஒரு பக்கத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடுப்பது சாதாரணம். அதைவிட மிகுவதும் உண்டு. தேங்கும் நீரும் ரத்தமும் வடியச் சில வைத்தியர்கள் மெல்லிய குழாய் வைத்து, ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

எல்லா எதிர்பார்ப்புகளிலும் தவறாமல் நிறைவேறுவது ஒன்று உண்டு. மறுநாளோ மூன்றாம் நாளோ, கட்டுகளும் நோவும் இருக்கும்போதே, எழுந்து நிற்கிற ஸ்திரீ தோள் இலேசாகிவிட்டதை உணருகிறாள். வேறு பல அறுவைகளில் பலன் தெரிய மாதங்கள் ஆகும்; இதில் கட்டிலைவிட்டு இறங்கும்போதே தெரிகிறது. "யாரோ மூட்டையை வாங்கிக்கிட்ட மாதிரி இருக்கு அக்கா" என்றாள் என் தங்கை. செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்தியோடு இருக்கிறார்கள் என்பது இத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். அடிமடிப்புப் புண்ணும் ஆறிவிடுகிறது. பல்லாண்டுகளாகத் தேய்ந்துபோன கழுத்தெலும்பு மட்டும் புதிதாகிவிடாது. அந்த வலியில் ஒரு பங்கு நிற்கக்கூடும்.

இனிக் கைப்பான பக்கம். தழும்பு நிச்சயம். அது முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து, பின் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் வெளுத்துத் தணியும். ஆனால் நம்மைப் போன்ற கருநிறத் தோலில், அதிலும் நெஞ்செலும்பின் அருகே, தழும்பு அடங்காமல் மேலெழும்பி அரிக்கிற கெலாய்டாக மாறும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். காது குத்திய இடத்தில் எவளுக்காவது கட்டி விழுந்திருந்தால் அதை முதல் நாளே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் வெளுத்த கோடுபோல் தெரிவதைக் கண்டு தனக்கும் அவ்வாறே என்று நினைக்கலாகாது. நங்கூரத்தின் நேர்க்கோடும் வளைகோடும் சந்திக்கிற முனையில் தையல் பிரிந்து சிறு புண்ணாவது மிகவும் சகஜம். கட்டுப் போட்டுக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். காம்பின் உணர்ச்சி சிலருக்கு மங்கும், சிலருக்குச் சில மாதங்களில் மீளும், சிலருக்கு மீளாது. காம்பே கருகி உதிர்வது அபூர்வம். அபூர்வமானாலும் கையெழுத்துப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. ரத்தக்கட்டு, சீழ், கொழுப்பு மடிந்து கட்டியாதல், இரு பக்கமும் சற்றே ஒத்திராமை, காலில் ரத்தம் உறைதல் ஆகியவை எஞ்சிய ஆபத்துகள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினாலும், மூச்சு முட்டினாலும், காய்ச்சல் கண்டாலும் மறுநாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மணமாகாத பெண்களின் தாய்மார் முதலில் கேட்பது குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்பதையே. காம்புக்கு நேர் பின்னேயுள்ள சுரப்பியும் நாளங்களும் அறாமல் நின்றிருந்தால் பலரால் பாலூட்ட முடிகிறது. போதாமல் புட்டிப்பாலைச் சேர்க்க வேண்டியவர்களும் உளர். காம்பைத் தனியே எடுத்து ஒட்டிய முறையானால் இயலாது. ஆதலின், பிள்ளைப்பேறு முடிந்தபின் செய்துகொள்வது நலம் என்பார்கள். வலி பொறுக்க முடியாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, இன்னும் பிறவாத குழந்தையின் பொருட்டுப் பத்தாண்டு பொறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டறிந்து தீர்மானிக்கட்டும். பின்னால் கர்ப்பமுற்றாலும், எடை கூடினாலும் மார்பு ஓரளவு திரும்பப் பெருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்டறிய வேண்டும்.

தலைப்பிலுள்ள ஆறு வாரத்துக்கு வருகிறேன். கட்டுரையின் சாரம் என்று நான் கருதுவது இதுதான். தையல்கள் உள்ளே பலப்படும்வரை, நாலு முதல் ஆறு வாரம், பாரம் தூக்கக்கூடாது, தோளுக்கு மேல் கையை அடிக்கடி உயர்த்தக்கூடாது, மல்லாந்தே படுக்க வேண்டும், இரவும் பகலும் தாங்கு உள்ளாடை அணிய வேண்டும் என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த நாலு வரி கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். குழாயடியிலிருந்து குடம் யார் தூக்குவது? கொடியில் துணி யார் உலர்த்துவது? தலையை யார் பின்னிவிடுவது? கம்பெனி பஸ்ஸில் இடமில்லாவிட்டால் மேற்கம்பியை எந்தக் கையால் பிடிப்பது? மேசை வேலைக்காரி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம்; பெட்டி தூக்குகிறவள் ஆறு வாரத்துக்கு முன் திரும்பினால் முனைத்தையல் பிரியக்கூடும். என் தங்கைக்கு முதல் பதினைந்து நாள் தலை பின்னிவிட்டவள் பக்கத்துவீட்டு ஆந்திராக்காரி. குடம் தூக்கியவன் அவள் தம்பி, அதுவும் இருட்டிய பின்புதான்.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. நிற்கும் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 44ஆம் பிரிவில் வகுத்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளி ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேருகிறார், அவர் சம்பளத்தில் முக்கால் சதவீதமும் முதலாளியிடமிருந்து மூன்றேகால் சதவீதமும் சந்தாவாகச் செல்கின்றன. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாம். அதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு வாரம் என்பது 42 நாள். கணக்கு அழகாகச் சரிவருகிறது, நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால். ஒப்பந்தக்காரர் மாற மாறச் சந்தா விட்டுவிட்டு ஏறுகிற பெண்ணுக்கு அந்த 78ஆம் நாள் கானல்நீராகவே போய்விடுவதுண்டு. அறுவைக்கு நாள் குறிக்குமுன் தன் ஈ.எஸ்.ஐ. கணக்கில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது, ஹீமோகுளோபின் பார்ப்பதற்குச் சமமான பரிசோதனை என்றே சொல்வேன்.

செலவைப் பற்றிப் பேசும்போது ஸ்டான்லியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவைச் சிகிச்சைத் துறையும் கை சீரமைப்பு நிலையமும் டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் வளர்ந்து பெயர்பெற்றவை. இயந்திரத்தில் விரலும் கையும் இழந்து வந்த தொழிலாளருக்கு அத்துறை செய்தது மகத்தான பணி. அதே மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் மார்பகச் சிகிச்சைக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டு, புற்றுநோயால் மார்பிழந்தவர்களுக்கு மட்டுமன்றி, மார்பைப் பெரிதாக்கவும் குறைக்கவும் விரும்பும் ஏழைப் பெண்களுக்கும் இலவசமாகவே அறுவை செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அழகுக்கான சிகிச்சை ஏழைக்கு ஏன் கிட்டக்கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் உள்படப் பலர் சினந்தார்கள். உலகப் பத்திரிகைகள், மார்பைப் பெரிதாக்கும் செய்தியை மட்டும் தலைப்பில் போட்டு, நகைத்து நகர்ந்தன.

எனக்குத் தோன்றுவது, இரு கட்சியும் தவறான கேள்வியை எடுத்துக்கொண்டன என்பதே. துறைத்தலைவரான டாக்டர் ரமாதேவி அந்நாளில் எடுத்துக்காட்டியது வெளியே செல்லவும் கூசி ஒடுங்குகிற பெரிய மார்புடைய இளம்பெண்களைப் பற்றியது. அப்பேச்சு ஆரவாரத்தில் அமுங்கிவிட்டது. மார்பகக் குறைப்பை அழகுக்கணக்கில் எழுதுவது, குடலிறக்கத்தை அழகுக்கணக்கில் எழுதுவது போன்ற பிழை. ரியோ டி ஜெனீரோவின் தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்காகவே ஒரு பகுதியை நடத்திய பிட்டாங்கி, அழகுக்கும் ஏழைக்கு உரிமையுண்டு என்று வாழ்நாளெல்லாம் வாதித்தார்; அவ்வாதம் உயர்ந்ததே. ஆனால் எட்டு மணி நேரம் நின்றே உழைக்கும் பெண்ணுக்கு அவ்வளவு உயர்ந்த வாதமும் வேண்டியதில்லை. தோளில் உள்ள பள்ளமே போதிய பிரமாணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கிலும், அழகுக்கான அறுவை கிடையாது என்று சொல்லிவிட்டு, உடனடி உடல்நலக் கேட்டை நீக்கும் மருத்துவ அவசியம் என்று சிகிச்சை செய்யும் வைத்தியர் சான்று தந்தால் விலக்கு பொருந்தாது என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். அந்த வாசல் குறுகலானது. வலியும், புண்ணும், மரப்பும், பலிக்காத பிற வைத்தியங்களும் தேதியோடு பதிவாகியிருந்தாலொழிய அதில் நுழைய முடியாது. முதுகுவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்தவளின் சீட்டில் முதுகுவலி என்று மட்டுமே எழுதியிருக்கும்.

யாரிடம் செய்துகொள்வது என்பதில் ஓர் எச்சரிக்கை. ஒட்டுறுப்பு அறுவையில் எம்.சி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவர்தாமா என்று கேட்க வேண்டும். அழகுநிலையத்தின் மாடியில் கொழுப்பை உறிஞ்சிக் குறைத்துவிடுகிறோம் என்பவர்களை நம்பலாகாது. கொழுப்புறிஞ்சல் சிலருக்கு உதவும், ஆனால் தொய்ந்த தோலையும் தாழ்ந்த காம்பையும் அது தூக்கி நிறுத்தாது. மார்பு பெருத்ததற்காகச் சட்டை கழற்றக் கூசும் இளைஞர்களும் இப்பகுதியில் உண்டு. அவர்கள் சிகிச்சை வேறு, எளியது, அது தனியே எழுதத் தக்கது.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்வண்டியில் வருவோர் கொருக்குப்பேட்டையிலும், திருவள்ளூரிலிருந்து கடற்கரை வண்டியில் வருவோர் வண்ணாரப்பேட்டையிலும் இறங்கினால் ஸ்டான்லி கிட்ட. சென்ட்ரல்வரை செல்வோருக்கு எதிரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கிடைக்கும், ஆதலின் விடியல் வண்டியைப் பிடியுங்கள். துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். பழைய சீட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறை என்று கேட்டால் ஒட்டுறுப்பு அறுவை என்று சொல்லுங்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால், முதுகுவலி என்று தொடங்காதீர்கள்.